குமிழைத் திருப்பினால் கரகரப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஎஸ்பி32 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சின்னதாக ஒரு சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) செய்திருக்கிறேன். குமிழைத் தொடாதவரை ஒலி சுத்தமாக இருக்கிறது. திருப்பினால் கரகரக்கிறது. குமிழின் மதிப்பை, போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் பார்த்துக்கொண்டேதான் திருப்புகிறேன். விலை குறைந்த சிப்பில் இசை இவ்வளவுதான் வரும் என்கிறார்கள் நண்பர்கள். வேறு போர்டு வாங்கட்டுமா?

ர.

அன்புள்ள ர.,

வாங்க வேண்டாம். உங்கள் சிப் 240 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அலையின் ஒரு கணத்து அளவைச் சொல்லும் எண்) என்றால், ஒவ்வொரு சாம்பிளுக்கும் 5,400 கிளாக் சுற்றுகளுக்கு மேல் கிடைக்கின்றன. 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ போர்டில் மோஸி என்ற ஒலி லைப்ரரி நொடிக்கு 16,384 சாம்பிள் தருகிறது. அங்கே ஒரு சாம்பிளுக்கு ஆயிரம் சுற்றுகூடக் கிடையாது. அதிலேயே இசைக்கருவி செய்கிறார்கள்.

எனக்கு அந்த சீரியல் மானிட்டர் மேல்தான் சந்தேகம். ஒலிக்கக் காத்திருக்கும் சாம்பிள்களை வைக்கும் பஃபர் 64 சாம்பிள் என்று வைத்துக்கொள்வோம். அது 1.45 மில்லிநொடியில் காலியாகிவிடும். அதற்குள் அடுத்த 64 தயாராக வேண்டும். குமிழின் மதிப்பைக் காட்ட 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் அனுப்பும் 40 எழுத்துள்ள ஒரு வரி போய்ச்சேரவே ஏறக்குறைய 3.5 மில்லிநொடி பிடிக்கும். பஃபருக்கு ஒரு வரி அனுப்பினால் சீரியல் நிரம்பிவிடும், நிரல் அங்கேயே காத்து நிற்கும், ஒலி அறுந்துபோகும். நிரலின் உதவியின்றித் தானாகவே சாம்பிள்களை அனுப்பும் டிஎம்ஏ சில பஃபர்களைக் கையிருப்பில் வைத்திருந்தாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அந்த வரியை எடுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். மதிப்பைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், நொடிக்கு நான்கைந்து முறை மட்டும், சிப்பின் இன்னொரு கோரில் (செயலிப் பகுதியில்) ஓடும் தனி டாஸ்க்கிலிருந்து அனுப்புங்கள்.

அப்புறமும் மெல்லிய சரசரப்பு மிஞ்சினால், குமிழின் மதிப்பு படிபடியாகத் தாவுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தாவலும் காதில் ஒரு சொடுக்காக விழும். புதிய மதிப்பை அப்படியே போடாமல், ஒவ்வொரு சாம்பிளிலும் பழையதற்கும் புதியதற்கும் உள்ள இடைவெளியில் 500-இல் ஒரு பங்கு நகருங்கள். இதனால் வரும் தாமதம் விரலுக்குத் தெரியாது.

நண்பர்களுக்கு ஒன்றைச் செய்து காட்டலாம். கார்ப்ளஸும் ஸ்ட்ராங்கும் 1983-இல் வெளியிட்ட தந்தி ஒலி முறை. 200 எண்கள் கொண்ட ஒரு வரிசையை இரைச்சலால் நிரப்புங்கள். அதைச் சுற்றிச் சுற்றி வாசித்தபடி, அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரியைத் திரும்ப எழுதிக்கொண்டே போங்கள். அவ்வளவுதான். 44,100 சாம்பிளில் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸில், மீட்டிய தந்தி போல ஒலித்து மெல்ல அடங்கும். மொத்த நினைவகம் 400 பைட். முதல் தடவை கேட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை. விடியும்வரை வரிசையின் நீளத்தை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.