பைபோலார் உள்ள வீட்டில்: கேட்டதும் சொன்னதும்

தர்மபுரியில் மாதம் ஒரு ஞாயிறு, மனநோய் உள்ளவர்களின் வீட்டார் சிலர் கூடிப் பேசுகிறோம். இந்த முறை பைபோலார் (சில காலம் மனச்சோர்வும் சில காலம் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் மனநோய்) பற்றித் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தந்தார்கள். வர முடியாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன். நான் 26 வருஷம் மனநல வார்டில் நர்ஸாக இருந்தவள். என் தம்பிக்கு 19 வருஷமாக பைபோலார். எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது டாக்டர் சொல்ல வேண்டியது.

பாலக்கோடு, ஒரு அம்மா: மகனுக்கு 24 வயது. மூன்று மாசம் அறையை விட்டே வெளியே வரவில்லை. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து தக்காளி வியாபாரம் பண்ணப் போகிறேன் என்று உற்சாகமாகப் பேசுகிறான். குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள் அம்மா. தூக்கம் வராமல் புரண்டு, காலையில் சோர்ந்து கிடப்பது வேறு. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கியவன் மாதிரி துள்ளுவது வேறு. இரண்டாவதுதான் மேனியா, அதாவது அந்த அளவு மீறிய உற்சாக நிலை, வருவதற்கான முதல் அறிகுறி, பல பேருக்கு.

என் தம்பி கதையைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாசம், ராத்திரி தோட்டத்தில் ஏதோ சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் தம்பி மா மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறான். அறுபது மரம். அடிமரம் எல்லாம் இடுப்பளவு வெள்ளை. "காலையில பாருக்கா, தோப்பே ஜொலிக்கும்" என்றான். பொறுப்பு வந்துவிட்டது என்று எங்கள் அம்மாவுக்குச் சந்தோஷம். நர்ஸாக இருந்தும் எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை. அடுத்த பத்து நாளில் அக்கம்பக்கத்தில் மூன்று தோப்பைக் குத்தகை பேசி, வட்டிக்கு வாங்கி முன்பணம் கொடுத்திருந்தான்.

இந்த மாதிரி வேகம் ஒரு வாரம் நீடித்தால் மேனியா என்பார்கள். கொஞ்சம் லேசாக நாலு நாள் இருந்தால் ஹைப்போமேனியா. நீங்கள் அந்த நாலாவது நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டில் படுத்த மணி, எழுந்த மணி மட்டும் எழுதுங்கள், அதோடு டாக்டரிடம் போங்கள். மூன்று மாசம் சோர்வாக இருந்தபோது அதற்கு மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் உள்ள சிலரை அது மேனியாவுக்குத் தள்ளிவிடும்.

காரிமங்கலம்: செய்வினை என்கிறார்கள். அதியமான்கோட்டை காலபைரவர் கோவிலுக்குத் தேய்பிறை அஷ்டமிக்கு மூன்று முறை கூட்டிப் போனோம். இன்னும் போகலாமா?

தாராளமாகப் போங்கள், நானும் போகிறவள்தான். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். லித்தியம் (பைபோலாருக்கு மனநிலையைச் சீராக வைக்கக் கொடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவரைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்க விடாதீர்கள். கட்டிப் போடுகிற இடத்துக்கு மட்டும் எந்தச் சாமி பேரைச் சொன்னாலும் அனுப்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவதே குற்றம்.

ஊத்தங்கரை: மனைவி லித்தியம் சாப்பிடுகிறார். எட்டு மாசமாக நன்றாக இருக்கிறார். எப்போது நிறுத்தலாம்?

எட்டு மாசமாக நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும், பெரும்பாலும் முன்னைவிட வேகமாக. குறைப்பதாக இருந்தாலும் டாக்டர்தான் மெதுவாகக் குறைக்க வேண்டும்.

ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கிறீர்களா? பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும். 1.5 தாண்டினால் விஷம் மாதிரி. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தைராய்டும் கிட்னியும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வதால் சிலர் சிரிக்கிறார்கள். மெடிக்கல் ஷாப் வலி மாத்திரை வேண்டாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் பரவாயில்லை. நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கக் காட்டில் வேர்த்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறும். உப்பைத் திடீரென்று குறைத்தாலும் அப்படித்தான். கை பலமாக நடுங்கினால், வாந்தி, குழறல், தள்ளாட்டம் இருந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிருஷ்ணகிரி, ஒரு பெண்: வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்கிறார். டாக்டர் கொடுத்த மருந்தை ஏழு மாசமாக அவருக்குத் தெரியாமல் டீயில் கலந்து கொடுக்கிறேன். நன்றாக இருக்கிறார். தப்பா சிஸ்டர்?

இந்தச் சீட்டுக்கு அப்புறம் கூட்டத்தில் வேறு பேச்சே ஓடவில்லை. நான் "தப்பு" என்று சொல்லி முடிப்பதற்குள் பென்னாகரத்திலிருந்து வந்த பெரியவர் எழுந்துவிட்டார். "சட்டம் பேசுவது சுலபம் சிஸ்டர். என் மகன் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நீங்கள் வந்து பேசவில்லையே? களியில் கலந்து கொடுத்துத்தான் அவனையும் காப்பாற்றினோம், எங்களையும் காப்பாற்றிக்கொண்டோம்." நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த ராத்திரி அவருக்கு யாரும் துணைக்கு இல்லை என்பதுதான் நிஜம்.

அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டேன்: "வீட்டுக்காரர் என்ன வேலை?"

"லாரி ஓட்டுகிறார்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தூக்கம் வரவைக்கும் மருந்து உடம்பில் இருப்பது தெரியாமலே ஒருவர் ராத்திரி பெங்களூர் ரோட்டில் லோடு ஓட்டுகிறார். கண் சொருகினால் அசதி என்று நினைத்துக்கொள்வார். தொப்பூர் இறக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

பெரியவர் விடவில்லை. "அப்போ சொல்லிவிட்டால் மட்டும் சாப்பிடுவாரா?" சாப்பிடாமலும் போகலாம், ஐயா. ஆனால் கலந்து கொடுத்தது ஒருநாள் தெரிந்துவிட்டால், அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். "சோத்துல விஷம் வைக்கிறாங்க" என்று சொன்ன சிலர் விஷயத்தில் அது முழுப் பிரமையும் இல்லை, வீட்டில் நிஜமாகவே கலந்திருந்தார்கள். தவிர, மேனியாவுக்குக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் என்ற மருந்தின் திரவம் டீயோடு சேராது. மருந்துச் சீட்டிலேயே போட்டிருக்கும். லித்தியமாக இருந்தால் இன்னும் மோசம். ரத்தம் பார்க்காமல் லித்தியம் கொடுக்கக் கூடாது, ரத்தம் கொடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார் இல்லையா?

ஆகவே அம்மா, இவ்வளவு நாள் செய்ததை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே வீட்டுக்காரரிடம் பேசுங்கள். இப்போது நன்றாக இருக்கிறார், அதனால் இப்போதுதான் பேச முடியும். மேனியாவில் இருக்கும்போது பேசினால் நியாயம் ஏறாது. என் தம்பியிடம் நாங்கள் அவன் தெளிவாக இருந்த ஒரு தை மாசத்தில்தான் பேசினோம். தொடர்ந்து இரண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் அக்கா டாக்டருக்கு போன் போடலாம், ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவன் கையாலேயே எழுதிக் கொடுத்தான். முடியாத நேரத்தில் என் சார்பில் இன்னார் பேசலாம் என்று நோயாளியே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க 2017 சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் சம்மதிக்க முடியாத நிலையில், டாக்டர்கள் பார்த்துவிட்டு 30 நாள் வரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் வழி இருக்கிறது. அம்மிக்கல்லைத் தூக்குகிற அன்றைக்கு 108தான், களி இல்லை.

பெரியவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாசமும் வருகிறேன் என்றார்.

பாப்பிரெட்டிப்பட்டி: கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. கல்யாணம் வைத்தியம் இல்லை. பெண் வீட்டில் மறைக்காமல் சொல்லி, அவர்கள் சம்மதித்தால் செய்யுங்கள். நோய் உள்ளது உங்கள் பெண்ணுக்கு என்றால், அவள் வால்ப்ரோயேட் (பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரை) சாப்பிடுகிறாளா என்று பார்த்து, கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். கருவின் மூளையையும் முதுகுத்தண்டையும் அது பாதிக்கும். நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

அரூர்: அண்ணன் "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறார். சாவைப் பற்றி நாம் கேட்டால் அதுவே யோசனை கொடுத்ததாகிவிடுமா?

ஆகாது. நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதாண்ணா?" கேட்பதால் யாரும் சாவதில்லை. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வீட்டிலும் மோட்டார் ரூமிலும் உள்ள பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். மாத்திரை டப்பா உங்களிடம் இருக்கட்டும். ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம். இந்தச் சீட்டை எழுதியவர் கூட்டம் முடிந்தும் என்னோடு இருந்தார், மீதியை அங்கேயே பேசிக்கொண்டோம்.

தேன்கனிக்கோட்டை: நேரே நிமான்ஸுக்கே (பெங்களூர் மனநல ஆஸ்பத்திரி) போய்விடலாமா?

பெங்களூர் உங்களுக்குப் பக்கம்தான், போகலாம். ஆனால் மாசாமாசம் மாத்திரை வாங்க பஸ் ஏற வேண்டும் என்றால் நாலாவது மாசம் நின்றுவிடும். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார், முதலில் அங்கே காட்டுங்கள்.

மொரப்பூர்: மகளுக்கு ஒற்றைத் தலைவலி...

நரம்பு டாக்டரைப் பாருங்கள்.

பர்கூர்: லித்தியத்தை ஒரு வருஷத்தில் நிறுத்தலாமா? / ஓசூர்: ஆறு மாசத்தில்? / நல்லம்பள்ளி: நாட்டு மருந்துக்கு மாறினால் நிறுத்தலாமா?

ஊத்தங்கரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்று பேரும்.

பெயரும் ஊரும் இல்லாத சீட்டு: மூட்டு வலிக்குக் கடையில் ஒரு அட்டை மாத்திரை வாங்கியிருக்கிறேன், சாப்பிடலாமா?

மூட்டு வலி உங்களுக்கா, லித்தியம் சாப்பிடுகிறவருக்கா? அதை எழுதவில்லையே. அவருக்கென்றால் அட்டையைப் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.