எந்தச் செயலியில் மனம்விட்டுப் பேசலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருபவர்கள், பெற்றவர்களிடமும் கட்டியவரிடமும் சொல்லாத விஷயங்களைக்கூட வாட்ஸ்அப்பில் எனக்கு எழுதுகிறார்கள். வாட்ஸ்அப்பே போதுமா, அல்லது சிக்னலுக்கு மாற வேண்டுமா?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் தொழிலுக்குச் சிக்னல்தான் பொருத்தம், மாறிவிடுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் எழுதுவதை அந்த நிறுவனத்தார் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று பயந்து மாற வேண்டாம். 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் எல்லோருடைய செய்திகளும், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் எனப்படும் முனைக்கு முனை குறியாக்கத்துடன்தான் செல்கின்றன. அனுப்புபவரின் கைப்பேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திறக்கும். இடையில் இருக்கும் சர்வரிடம் அதற்கான சாவி கிடையாது. இந்தப் பூட்டைச் செய்து கொடுத்ததே சிக்னலை உருவாக்கியவர்கள்தான் என்பதால், செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே காவல்தான்.

வேறுபாடு உறைக்கு வெளியே இருக்கிறது. கடிதத்தை எவ்வளவு இறுக்கமாக ஒட்டினாலும், உறையின் மேல் உள்ள முகவரியையும் தேதி முத்திரையையும் தபால்காரர் பார்க்க முடியும் அல்லவா? மனநல ஆலோசகர் ஒருவரின் எண் ஒரு பெண்ணின் தொடர்புப் பட்டியலில் இருக்கிறது என்ற ஒரு தகவலே, உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாமலேயே, அவரைப் பற்றிப் பலவற்றைச் சொல்லிவிடும். சட்டப்படியான ஆணை வந்தால், ஒருவரின் கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக வந்த நேரம், அவர் சேர்ந்துள்ள குழுக்கள், அவருடைய தொடர்புப் பட்டியல் முதலியவற்றை வாட்ஸ்அப் கொடுக்க முடியும்.

இதே சோதனை சிக்னலுக்கும் 2016இல் வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு விசாரணைக்காக, இரண்டு தொலைபேசி எண்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்குரிய விவரங்கள் அனைத்தையும் ஒப்படைக்கும்படி ஆணை வந்தது. அந்த இரண்டில் ஓர் எண்ணுக்குச் சிக்னல் கணக்கே இல்லை. மற்றதற்கு அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே விவரங்கள்: கணக்கு தொடங்கப்பட்ட நேரமும், கடைசியாகச் சர்வருடன் இணைந்த நாளும். யாரிடம் பேசினார், எந்தக் குழுவில் இருந்தார் என்பவை சேமிக்கப்படவே இல்லை என்பதால், கொடுப்பதற்கும் எதுவும் இருக்கவில்லை. எந்தச் செயலியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நாளை அதிகாரமுள்ள ஒருவர் வந்து கேட்டால், எடுத்துக் கொடுக்க அந்த நிறுவனத்திடம் என்ன இருக்கும்?

உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2024 பிப்ரவரி முதல் சிக்னலில் பயனர் பெயர் வைத்துக்கொள்ளலாம். கணக்கு தொடங்கத் தொலைபேசி எண் வேண்டும் என்றாலும், உங்களிடம் வருபவருக்கு அந்தப் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். உங்கள் சொந்த எண் அவருக்குத் தெரியாது, அவருடைய எண்ணும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பை விட்டு வர மறுப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். உரையாடல்களின் நகலைச் சேமித்து வைக்கும் ‘சாட் பேக்கப்’ பகுதியில் ‘எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்’ என்ற ஒன்று இருக்கும். 2021இல் கொண்டுவரப்பட்ட அதை நாமாகத்தான் இயக்க வேண்டும். அதை இயக்காமல் கூகுள் டிரைவுக்குப் பேக்கப் எடுப்பவர்கள், வழியெல்லாம் பூட்டிக் கொண்டுவந்த பெட்டியை வீட்டு வாசலில் திறந்து வைத்தவர்கள் ஆகிறார்கள். நீங்கள் இயக்கினால் மட்டும் போதாது, உங்களுக்கு எழுதுபவரும் இயக்க வேண்டும். அதே உரையாடல் அவருடைய பேக்கப்பிலும் இருக்கிறது. அதற்கு வைக்கும் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது என்பதால், அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் தொழிற்சங்கத்தில் இருநூறு பேர் டெலிகிராம் குழு ஒன்றில் பேசிக்கொள்கிறோம். டெலிகிராம்தான் மிக ரகசியமானது என்று நண்பர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். உண்மையா?
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: இல்லை. இந்த நம்பிக்கை இவ்வளவு தூரம் பரவியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. டெலிகிராமில் சாதாரண உரையாடல்கள் நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் வழியும் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. முனைக்கு முனை குறியாக்கம் வேண்டுமானால் ‘சீக்ரெட் சாட்’ என்பதைத் தனியாகத் தொடங்க வேண்டும், அதுவும் இருவருக்கிடையே மட்டுமே முடியும். குழுக்களுக்கு அந்த வசதியே கிடையாது. 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைது செய்யப்பட்டார்; அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் பயனரின் ஐ.பி. முகவரியையும் (அவருடைய இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தொலைபேசி எண்ணையும் அதிகாரிகளிடம் கொடுக்கலாம் என்று தன் கொள்கையை டெலிகிராம் மாற்றிக்கொண்டது. சங்கத்தின் அறிவிப்புகளை ஊரறிய வெளியிட அது நல்ல இடம். வேலைநிறுத்தம் பற்றி உள்ளுக்குள் ஆலோசிக்க அது இடமே அல்ல.

சிக்னல் குழுவில் ஆயிரம் பேர் வரை சேரலாம் என்பதால் உங்களுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் உறுப்பினர் பட்டியலை ஒருவர் பொறுப்பேற்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் மூத்த அதிகாரிகள் யேமன் தாக்குதலைப் பற்றிச் சிக்னல் குழுவில் பேசியபோது, ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியரும் தவறுதலாக அதில் சேர்க்கப்பட்டிருந்தார். பூட்டு உடையவில்லை, ஆள்தான் மாறிவிட்டார். வேலையை விட்டுப் போனவர், மேலாளராக உயர்ந்தவர், யாருடையது என்றே தெரியாத எண் என உங்கள் இருநூறில் எத்தனை இருக்கின்றன என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ‘அரட்டை’ நம் ஊர்ச் செயலி. அதற்கு மாறலாமா?
(ஒரு வாசகர், தென்காசி)

பதில்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் செயலி உலகத் தரத்தில் வளர வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் அது திடீரெனப் பரவியபோது அழைப்புகளுக்கு முனைக்கு முனை குறியாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதைக் கொண்டுவரும் பணி நடப்பதாக நிறுவனம் அப்போது தெரிவித்தது. உங்கள் கைப்பேசியில் இருக்கும் பதிப்பில், தனி உரையாடலுக்கும் குழுவுக்கும் பேக்கப்புக்கும் தனித்தனியாக அது இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: நான் யாரிடம் என்ன பேசினேன் என்பது வெளியே ஒருவருக்குத் தெரிகிறது. கைப்பேசி எப்போதும் என்னிடமே இருக்கிறது. செயலியை மாற்றினால் சரியாகுமா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். என் சித்தி இதே குறையோடு வந்தபோது நான் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். வீட்டில் கணினியே இல்லாத அவருடைய கணக்கு, ஒரு விண்டோஸ் கணினியிலும் திறந்திருந்தது. பத்து நாள்களுக்கு முன் ஆதார் அட்டையை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனவர், கடைக்காரர் கணினியில் காட்டிய க்யூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்து கோப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார்; வெளியேற மறந்துவிட்டார். அந்தக் கடையில் யார் உட்கார்ந்தாலும் அவருடைய உரையாடல்களைப் படிக்க முடிந்த நிலை. எவ்வளவு வலுவான குறியாக்கமும் இங்கே உதவாது, ஏனென்றால் அந்தக் கணினிக்குச் சாவியை நாமே கொடுத்திருக்கிறோம். சிக்னலிலும் இதே இணைப்பு வசதி இருப்பதால், செயலி மாறினாலும் இந்த ஆபத்து கூடவே வரும்.

அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத சாதனம் எது இருந்தாலும், அதைத் தொட்டு ‘லாக் அவுட்’ கொடுங்கள். முடித்த கையோடு ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ பகுதியில் ஆறு இலக்க எண் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம். உங்கள் கைப்பேசியின் திறப்பு எண் வீட்டில் வேறு யாருக்கும் தெரியுமானால் அதையும் மாற்றுங்கள். இனி அச்செடுக்கப் போகும்போது கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். வேறு வழியில்லாமல் கடைக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே நின்று, உங்கள் கைப்பேசியிலிருந்தே அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு வாருங்கள்.