பரண்ல கிடக்கிற நோட்டு

அன்புள்ள அக்கா,

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், வயசு 34. வேலை சம்பளம்னு பாத்தா ஒரு குறையும் இல்ல. ராத்திரி 8 மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு போனை எடுத்தா, ரீல்ஸ் பாத்து நிமிரும்போது மணி 12 ஆயிடுது, என்ன பாத்தேன்னு கேட்டா ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. எதுக்கு இருக்கோம்னே தெரியல. எங்க தாத்தா விடிய விடிய வள்ளி கும்மி பழக்கிட்டு அப்படியே தோட்டத்து வேலைக்குப் போவாராம், அவரோட பாட்டு நோட்டுகூட இன்னும் ஊர் வீட்டுப் பரண்ல கிடக்கு. அவருக்கு இருந்த சந்தோஷம் எனக்கு ஏன் இல்ல? வாழ்க்கைக்கு ஒரு நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

(பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்.)

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்தை மூணு தடவ படிச்சேன். நோக்கம்னு ஒண்ணு முதல்ல கிடைக்கணும், அப்புறம் அதுக்கு நேரம் ஒதுக்கலாம்னு நீங்க காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு தோணுது. நான் பாத்த மனுஷங்க யாருக்கும் அந்த வரிசைல நடக்கல.

உ.வே.சா.வையே எடுத்துக்குங்க. 1880ல கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியார், வயசு 25. ஏட்டுச்சுவடி தேடி அலையப்போறோம்னு அவருக்கு அப்ப தெரியாது. அந்த வருஷம் அக்டோபர் 21, வியாழக்கிழமை, ஊருக்கு முன்சீபா வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பாக்கப் போறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு அவர் கேக்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு அடுக்குறார். முதலியார் அசரவே இல்ல, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படிச்சிருக்கீங்களான்னு கேட்டார், இவர் படிச்சதில்ல. அந்தக் கேள்விதான் அவரைப் பிடிச்சு உக்கார வச்சது. சிந்தாமணிய எடுத்தா பாதி புரியல, அதுல வர்ற ஜைன சமய விஷயம் தெரியணும்னு கும்பகோணத்துல இருந்த ஜைனர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டுக் கத்துக்கிட்டார். அச்சுல வந்தது 1887ல, அதாவது ஏழு வருஷம் கழிச்சு. அப்புறம் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இது அத்தனையும் காலேஜ்ல பாடம் நடத்திக்கிட்டே, வேலைக்குப் போய்ட்டு வந்த மிச்ச நேரத்துல பண்ணது, அவர் ரிட்டயர் ஆனதே 1919லதான்.

அவ்வளவு பெருசா நம்மால முடியாதுதான், அளவைப் பத்தி நான் பேசல. எங்கம்மா தவறின வருஷம் எனக்கும் ராத்திரி நீளமா இருந்துச்சு, அப்பதான் விக்கிமூலம்னு யார் வேணும்னாலும் சேந்து திருத்தற இணைய நூலகத்துல தினம் ஒரு பக்கம் மெய்ப்பு, அதாவது எழுத்துப்பிழை, பாக்க ஆரம்பிச்சேன். பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டிருப்பாங்க, கம்ப்யூட்டர் அதைப் படிச்சு எழுத்தாக்கித் தரும், ஆனா அதுக்குத் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாம காலம்ங்கறத கரலம்னு போட்டுடும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின புத்தகம்னா பழைய லை, னை எல்லாம் பாத்து இன்னும் திணறும். பக்கத்துல அசலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா திருத்தணும். திருத்தி முடிச்சா சிவப்பா இருந்த பக்கம் மஞ்சள் ஆகும், அதைப் பச்சை ஆக்க என்னால முடியாது, வேற ஒருத்தர் வந்து இன்னொரு தடவ படிச்சாத்தான் ஆகும். ஒரு நாள் காலைல பாத்தா நான் விட்ட மஞ்சள் பக்கம் பச்சையா இருந்துச்சு, நான் கவனிக்காம விட்ட ஒரு ஒற்றெழுத்தைக்கூட யாரோ சேத்திருந்தாங்க. முகம் தெரியாத அந்த ஆளுக்காக அன்னிக்கு ராத்திரி ரெண்டு பக்கம் உக்காந்து திருத்தினேன், அம்மா போனப்புறம் நான் நல்லாத் தூங்கின முதல் ராத்திரி அதுதான்.

உங்க தாத்தாவுக்கு இருந்த சந்தோஷமும் இந்த ஜாதிதான்னு நினைக்கிறேன். கும்மிய ஒத்தை ஆளா ஆட முடியாது, வட்டம் வேணும், நாம ஒரு அடி தப்பா வச்சா பக்கத்துல இருக்கறவங்க கால் இடறும், அதனால உடம்பு முழுக்க அங்கதான் இருக்கும். ரீல்ஸ் பாக்கறது பாவம்னு நான் சொல்ல வரல, ஷிப்மென்ட் வாரத்துல களைச்சுப் போய் வர்ற உடம்பு எதையாவது பாத்துக்கிட்டு கிடக்கத்தான் செய்யும். ஆனா அங்க நீங்க இல்லன்னாலும் ஒண்ணும் நிக்காது, அதான் மனசு ஒட்ட மாட்டேங்குது.

நீங்க போற போக்குல எழுதின அந்த நோட்டுக்கு வர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் அதை இறக்குங்க. காயட்டும்னு வெயில்ல வைக்காதீங்க, கிழிசல் இருந்தா செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, மெத்துனு ஒரு பிரஷ்ஷால தூசி தட்டி, ஜன்னல் வெளிச்சத்துல பக்கம் பக்கமா போட்டோ எடுங்க. அப்புறம் ராத்திரி அந்த 8லருந்து 12ல அரை மணி நேரம் மட்டும், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் டைப் பண்ணுங்க. படிக்க முடியாத வார்த்தை வரும், ஊகிச்சு எழுதாம புள்ளி வச்சு விட்டுட்டு, தாத்தாகிட்ட பழகின யாராவது ஊர்ல இருப்பாங்கல்ல, அவங்களப் பாடச் சொல்லிக் கேளுங்க, போன்லயே ரெக்கார்டும் பண்ணிக்குங்க. இதுல அவசரமும் இருக்கு, அந்த மெட்டு தெரிஞ்சவங்களுக்கு வயசாகுது. உங்க பக்கத்து வள்ளி கும்மி ஆட்டத்துக்காகத்தான் 2024ல கும்மி வாத்தியார் பத்ரப்பன் ஐயாவுக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க, பொண்ணுங்களுக்கும் கத்துக்கொடுத்து வட்டத்தைப் பெருசாக்கினவர் அவர், அப்ப அவருக்கு வயசு 87.

முதல் பக்கத்துல என்ன பாட்டு இருக்குன்னு எனக்கு எழுதுங்க. பிள்ளையார் பாட்டாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா