மருமகன் சிரிக்கிறான், அக்கா பயப்படுகிறார்: நான் என்ன செய்ய?

கேள்வி: பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பத்துக்கு நான் பரம ரசிகன். இத்தனை வருடம் கழித்தும் முதல் பாட்டில் அந்த மழையும் மணிச்சத்தமும் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. என் அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. கிதார் வாசிப்பான், வேகமான மெட்டல் மட்டும்தான் கேட்பான். “ஹெவி மெட்டலே இங்கதான்டா ஆரம்பிச்சுது” என்று ஆசையாகப் போட்டுக் காட்டினேன். “மாமா, இது மெட்டலே இல்ல, ப்ளூஸ மெதுவா வாசிச்சிருக்காங்க” என்று சிரித்துவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டான். அக்காவோ உறைக்குள் இருக்கும் தலைகீழ்ச் சிலுவையைப் பார்த்துவிட்டு, “பிள்ளையக் கெடுத்துடாதடா” என்கிறார். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? ஹெட்போனில் கேட்கவைத்தால் நன்றாக இருக்குமா, ஸ்பீக்கரிலா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: முதலில் மருமகன். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி, அதனால் அதை மறுத்துப் பேசாதீர்கள். அந்த நான்கு பேரும் பர்மிங்காமில் ‘எர்த்’ என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஆல்பத்தில் இருக்கும் ‘ஈவில் வுமன்’, ‘வார்னிங்’ இரண்டும் வேறு குழுக்களின் பாட்டுகள். ‘த விஸார்ட்’ ஆரம்பிப்பதே பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் மவுத் ஆர்கனில். பில் வார்டின் டிரம்ஸைக் கவனித்தால் ஜாஸ் கேட்டு வளர்ந்த கை என்று தெரிந்துவிடும். ஆல்பம் வந்த 1970-லேயே ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ், இது கிரீம் என்ற ராக் குழுவைப் போல இருக்கிறது, ஆனால் அதைவிட மோசம் என்று எழுதித் தள்ளினார். ஆக உங்கள் மருமகன் பெரிய விமர்சகர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

சறுக்கியது நீங்கள் கொடுத்த முன்னுரையில் என்று நினைக்கிறேன். “எல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது” என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் அது பாடப்புத்தகமாகிவிடும். பாடப்புத்தகத்துக்கு முன்னால் எந்தப் பத்தொன்பது வயதுப் பையனும் உட்கார மாட்டான். அவர் கிதார் வாசிப்பவர் இல்லையா? சரித்திரத்தை விடுங்கள், கையைப் பற்றிப் பேசுங்கள்.

இந்தக் குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி இடது கைப் பழக்கக்காரர். பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலையில் வேலையை விட்டுப் போக வேண்டிய கடைசி நாளில், இயந்திரத்தில் மாட்டி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். இரண்டு விரல்களை மட்டுமே நம்பித் தனி வாசிப்பு வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஃபோர்மேன் கொண்டுவந்து கேட்கவைத்தாராம். அப்புறம் ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் சிக்கலான கார்டுகளைப் பிடிப்பது கடினம் என்பதால் இரண்டு மூன்று சுரங்களையே தடிமனாக ஒலிக்கவைக்கும் வழியில் அவர் வாசிப்பு போனது. நீங்கள் சிலிர்க்கிற அந்தச் சத்தத்தில் பாதி, இந்த விரல்களின் கதை.

ஒரு விஷயத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். ஐயோமி தந்திகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கியதால்தான் இந்தக் கனம் வந்தது என்று ரசிகர்களே சொல்வதுண்டு. அந்தப் பழக்கம் 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் தொடங்கியது. முதல் ஆல்பம் சாதாரணச் சுருதியில் இருக்கிறது. அதாவது, உங்கள் மருமகன் இப்போதே, ஒரு முறுக்காணியைக்கூடத் திருகாமல், முதல் பாட்டை வாசித்துப் பார்க்கலாம். கேட்கச் சொல்வதைவிட வாசிக்கச் சொல்லுங்கள். ஜி, மேல் ஸ்தாயியில் அதே ஜி, பிறகு சி ஷார்ப். மூன்றே அடி.

நம் கணக்கில் இது சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்யமம். சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இருக்கும் இந்த இடைவெளியை ஐரோப்பியர்கள் ‘இசையில் சாத்தான்’ என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். தேவாலயம் இதைத் தடை செய்திருந்தது என்று ஒரு கதையும் உலவுகிறது, அதை நம்ப வேண்டாம். எனக்கு இதில் பிடித்தது வேறு. இதே பிரதி மத்யமம்தான் கல்யாணியிலும் இருக்கிறது. மங்கலமான ராகம், யாரும் அதைக் கேட்டு நடுங்குவதில்லை. அப்படியானால் பயம் அந்தச் சுரத்தில் இல்லை. ஐயோமி அதை எவ்வளவு மெதுவாகப் போடுகிறார், ஒவ்வொரு அடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறார், கடைசிச் சுரத்தை எப்படி நடுங்கவிட்டு நிறுத்துகிறார் என்பதில் இருக்கிறது. மருமகன் அந்த மூன்று சுரங்களையும் தன் வழக்கமான வேகத்தில் வாசிக்கட்டும், ஒன்றும் நடக்காது. பிறகு ஆல்பத்தில் இருக்கிற வேகத்துக்கு இறங்கி வாசிக்கட்டும். அவசரப்படாமல் அப்படி இழுத்துப் பிடிப்பது வேகமாக வாசிப்பதைவிடச் சிரமம் என்பது விரலுக்கே புரியும். ‘மெதுவா வாசிச்சிருக்காங்க’ என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் பாதியில் எழுந்து போனார் என்கிறீர்கள். அவருக்கு வேண்டியது மீதிப் பாதியில் இருந்தது! அந்த முதல் பாட்டு கடைசிப் பகுதியில் திடீரென்று குதிரைப் பாய்ச்சல் பிடிக்கிறது. அவர் கேட்கிற குழுக்களின் வேகத்துக்கு அது தாத்தா முறை. (தாத்தா முறை என்று அவரிடம் சொல்ல வேண்டாம். திரும்பவும் பாடப்புத்தகம்.)

அடுத்தது, இதைப் பதிவு செய்த விதம். 1969 அக்டோபர் 16, லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ, தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கிளப் கிளப்பாகப் போய் வாசித்து வாசித்துக் கைக்கு வந்திருந்த பாட்டுகளை, மேடையில் வாசிப்பது போலவே சேர்ந்து வாசித்தார்கள், ஆஸி தனிக் கூண்டில் நின்று கூடவே பாடினார். அன்றைக்கு ஐயோமி கொண்டுபோனது ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார். அதில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்-அப் ஆரம்பத்திலேயே பழுதாகிவிட, மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜி கிதாரை எடுத்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அவர் அடையாளமே எஸ்ஜிதான். ஸ்ட்ராட் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். கிதார் வாசிக்கிறவர்கள் இதை மணிக்கணக்கில் பேசுவார்கள், மருமகனிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அவரே ஆல்பத்துக்குத் திரும்பி வரலாம். நீங்கள் சொன்ன மழையும் மணியும் அன்றைய வாசிப்பில் கிடையாது, பின்னால் சேர்த்தவை.

எதைப் போடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஈவில் வுமன்’ ஆல்பத்தில் ஒட்டாத பாட்டு. சிங்கிள் வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது, குழுவுக்கே அதில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு ‘விக்கட் வேர்ல்ட்’ போட்டார்கள், அதுவே மேல். ‘வார்னிங்’ பத்து நிமிடம். எனக்கு உயிர், ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு நீளம் தாங்காது. ‘என்.ஐ.பி.’ போடுங்கள். கீஸர் பட்லர் தனியாக பேஸ் கிதாரை உருட்டிக்கொண்டு வந்து, சட்டென்று அந்த ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிதார் அடியில்) விழுகிற இடம் இருக்கிறதே, அங்கே தலையாட்டாதவரை நான் பார்த்ததில்லை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் இந்த நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்த நான்கு பாட்டுகளில் முதல் ஆல்பத்திலிருந்து இடம்பிடித்தது இது ஒன்றுதான். பதினேழு நாளில் ஆஸி இறந்துபோய்விட்டார்.

இப்போது அக்கா. அவரைச் சிரித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அவர் பயம் நியாயமானது. கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிற அட்டை, உள்ளே தலைகீழ்ச் சிலுவை, வெளியான நாளும் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் அந்தச் சிலுவை இசைத்தட்டு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வந்த வேலை, குழுவினருக்கு அது பிடிக்கவில்லை. முதல் பாட்டில் பாடுகிறவன் சாத்தானைக் கூப்பிடவில்லை, சாத்தானைப் பார்த்து மிரண்டு, கடவுளே காப்பாற்று என்று கதறுகிறான். அந்த வரிகளுக்குக் கரு கொடுத்த கீஸர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். நால்வரும் கழுத்தில் போட்டிருந்த சிலுவைகளை ஆஸியின் அப்பாதான் செய்து கொடுத்தார், அவை நேரான சிலுவைகள். ‘என்.ஐ.பி.’யில் சாத்தான் வருகிறான், உண்மை. ஒரு பெண்ணைக் காதலித்து, அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். தலைப்பில் ஏதோ மர்மம் இருப்பதாக ஆட்கள் கிளப்பிவிட்டார்கள். அது பில் வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்ததைக் கேலி செய்த பட்டப்பெயர். இதையெல்லாம் சொல்லிவிட்டு அக்காவுக்கு இசையைப் பிடிக்கவைக்கவும் முயலாதீர்கள். பயம் போனால் போதும், அவருக்கு இரைச்சலாகத் தோன்றினால் தோன்றட்டும்.

கடைசியாக, ஹெட்போனா ஸ்பீக்கரா? மருமகனுக்கு ஸ்பீக்கர். இந்த ஆல்பத்தில் பேஸும் டிரம்ஸும் கிதாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை, தரை அதிர்ந்தால்தான் அவை என்ன செய்கின்றன என்று பிடிபடும். அக்கா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போனை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த மழைக்கு.