வாசகர் கேள்வி பதில்: ஏஜென்ட் படிக்கப்போற மேனுவல்

கேள்வி: கம்பெனியோட பங்கு விலை, வருமானம், லாபம் எல்லாம் தேடித் தர்ற டூல் ஒண்ணு எங்க டீம்ல இருக்கு. இனிமே ஏஐ ஏஜென்ட்டும் (சொன்ன வேலைக்குத் தானே டூலைக் கூப்பிட்டு முடிக்கிற ஏஐ) அதை யூஸ் பண்ணணுமாம். ஏற்கெனவே 40 பக்கத்துக்கு டாக்குமென்டேஷன் எழுதி வச்சிருக்கோம், அதையே தூக்கிக் குடுத்தா ஆகாதா?

பதில்: ஆகாதுங்க. அந்த 40 பக்கத்தைப் படிக்கிற ஆளுக்கு சந்தேகம் வந்தா பக்கத்து சீட்ல கேட்டுப்பார், இல்லன்னா நம்பர் எங்கயோ இடிக்குதேன்னு நிமிர்ந்து உக்காருவார். ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் கண்ணுல படுறது டூலோட பேரு, நாலு வரி விளக்கம், பாராமீட்டர் (டூலைக் கூப்பிடும்போது குடுக்க வேண்டிய விவரம்) லிஸ்ட், அவ்ளோதான். மீதியை அதுவே இட்டு நிரப்பிக்கும், அதுவும் கொஞ்சம்கூட தயங்காம.

மனுஷங்க மட்டும் என்ன ஒழுங்கான்னு கேப்பீங்க, அதுவும் நியாயம்தான். 2020 மார்ச்ல ஊரே வீடியோ கால்ல உக்காந்திருந்தப்போ ஜூம் பங்கு வாங்கறேன்னு கிளம்பினவங்க கொஞ்ச பேர் ‘ஜூம்’ங்கிற டிக்கரைப் (பங்குச்சந்தையில ஒரு பங்குக்கு வைக்கிற சுருக்கக் குறியீடு) பாத்து வாங்கிட்டாங்க, ஆனா அது ஜூம் டெக்னாலஜீஸ்னு சம்பந்தமே இல்லாத ஒரு குட்டி கம்பெனி, வீடியோ கம்பெனியோட டிக்கர் ‘இசட்எம்’. கடைசில அமெரிக்காவோட பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி தலையிட்டு அந்தக் குட்டி கம்பெனி பங்கோட வர்த்தகத்தையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சது. உங்க டூல்ல ‘கம்பெனி’ன்னு மொட்டையா ஒரு பாராமீட்டர் இருந்தா ஏஜென்ட்டும் இதே குழியில போய் விழும். அதனால அங்க பேரா, டிக்கரா, எந்த எக்ஸ்சேஞ்ச் டிக்கர்னு எழுதுங்க, பேரு மட்டும்தான் கையில இருக்குன்னா முதல்ல எந்த டூலைக் கூப்பிடணும்னும் சேத்து எழுதுங்க. டிக்கரும் நிரந்தரம் கிடையாது, ஃபேஸ்புக்கோட ‘எஃப்பி’ 2022 ஜூன்ல ‘மெட்டா’ ஆயிடுச்சு, பழைய டேட்டாவைப் பழைய டிக்கர்ல கேட்டா என்ன வரும்னு ஒரு வரி போட்டுடுங்க.

கேள்வி: சரி, அந்த நாலு வரில என்னதான் எழுதறது? “நிதித் தகவல்களைத் தரும்”னு எழுதி வச்சிருக்கோம்.

பதில்: அது கடை வாசல்ல “இங்கு பொருட்கள் கிடைக்கும்”னு போர்டு வச்ச மாதிரி. நானா இருந்தா இப்படி எழுதுவேன்:

“ஒரு கம்பெனி தாக்கல் பண்ண காலாண்டு வருமானம், லாபத்தைத் தரும். இன்றைய பங்கு விலைக்கு இதைக் கூப்பிடாதே, அதுக்கு விலை டூல் தனியா இருக்கு. காலாண்டு, அந்தக் கம்பெனியோட நிதியாண்டுப்படி. தொகை முழு டாலர்ல, மில்லியன்ல இல்ல. தாக்கல் ஆகாத காலாண்டுக்கு மதிப்பு காலியா வரும், அதை பூஜ்யம்னு எடுத்துக்காதே.”

இதுல நிதியாண்டு வரியைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. 2024-ஓட ரெண்டாவது காலாண்டுன்னா ஆப்பிளுக்கு அது 2024 ஜனவரியிலேர்ந்து மார்ச், மைக்ரோசாஃப்ட்டுக்கு 2023 அக்டோபர்லேர்ந்து டிசம்பர், ஏன்னா ஒருத்தருக்கு வருஷம் செப்டம்பர் கடைசில முடியுது, இன்னொருத்தருக்கு ஜூன்ல. ஏஜென்ட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அழகா டேபிள் போட்டுக் குடுக்கும், பாக்க லட்சணமா இருக்கும், ஒப்பீடு மொத்தமும் தப்பா இருக்கும். பதில்ல காலாண்டு ஆரம்பிச்ச தேதி, முடிஞ்ச தேதி ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டா பாதி தலைவலி போயிடும். அமெரிக்க கம்பெனிங்க நாலாவது காலாண்டுக்குத் தனியா காலாண்டு அறிக்கை தாக்கல் பண்றதில்ல, அது வருஷ அறிக்கைக்குள்ளயே போயிடும், உங்க டூல் அதைக் கழிச்சுக் கண்டுபிடிக்குதா இல்ல காலியா விடுதான்னும் சொல்லிடுங்க.

விலை டூல்னா கவனிக்க வேண்டியது ஸ்ப்ளிட், அதாவது ஒரு பங்கைப் பல பங்கா உடைக்கறது. ஆப்பிள் 2020 ஆகஸ்ட்ல ஒரு பங்கை நாலாக்கினப்போ வெள்ளிக்கிழமை 499 டாலர் பக்கம் முடிஞ்சது, அதே விலை சரிக்கட்டின கணக்குல 125 பக்கம்தான். எந்த விலை தர்றோம்னு சொல்லாம விட்டா ஏஜென்ட் ஒரே நாள்ல முக்கால்வாசி சரிவுன்னு கதை கட்டிடும். லண்டன் பங்கு நிறைய பென்ஸ்ல விலை காட்டும், அதை பவுண்டுன்னு எடுத்தா நூறு மடங்கு தப்பு.

அந்தக் காலி–பூஜ்யம் விஷயம் நான் பட்டு அனுபவிச்சது. நான் எழுதிக் குடுத்த ஒரு டூல்ல டேட்டா இல்லன்னா 0 அனுப்பற மாதிரி வச்சிருந்தேன், சோம்பேறித்தனம்தான், வேற காரணம் சொல்ல முடியாது. ஏஜென்ட் அதை வாங்கிட்டு “இந்தக் காலாண்டில் நிறுவனம் வருமானமே ஈட்டவில்லை”ன்னு ரிப்போர்ட்ல எழுதி, அதுக்கு மூணு காரணமும் சொல்லிடுச்சு. காரணம் ஒவ்வொண்ணும் படிக்க அவ்ளோ நம்பற மாதிரி இருந்துச்சு.

கேள்வி: எரர் மெசேஜையும் டாக்குமென்டேஷன்ல சேக்கணுமா?

பதில்: எரர் மெசேஜே டாக்குமென்டேஷன்தாங்க, தப்பு பண்ண அந்த நிமிஷத்துல ஏஜென்ட் படிக்கப்போறது அது ஒண்ணைத்தான். “தவறான உள்ளீடு”ன்னு வந்தா அதே கோரிக்கையை நாலு தடவை திருப்பித் திருப்பி அனுப்பும். “தேதி வருஷம்-மாசம்-நாள் வரிசையில வேணும், நீ அனுப்பினது நாள்-மாசம்-வருஷம்”னு வந்தா அடுத்த தடவையே திருத்திக்கும். இவ்வளவு நேரத்துல இத்தனை கோரிக்கைதான்னு வேகக் கட்டுப்பாடு இருந்தா எத்தனை வினாடி காத்திருக்கணும்னு நம்பரோட போடுங்க.

கேள்வி: எழுதி முடிச்சா சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கறது?

பதில்: வேண்டுமென்றே குழப்பமா ஒரு இருபது கேள்வி தயார் பண்ணி, எந்த முன்கதையும் சொல்லாம ஏஜென்ட்கிட்ட விடுங்க. கடைசி பதிலைப் பாக்காதீங்க, எந்த டூலை எந்த பாராமீட்டரோட கூப்பிட்டுச்சுங்கற லாகை, அதாவது பதிவைப் பாருங்க, பதில் சில நேரம் குருட்டு அதிர்ஷ்டத்துல சரியா வந்திருக்கும். ஒரே இடத்துல ரெண்டு தடவை தடுக்கிச்சுன்னா புதுசா பாரா சேக்காம அங்க இருக்கற வரியைத் திருத்துங்க, இல்லன்னா ஆறு மாசத்துல இதுவும் 40 பக்கம் ஆயிடும்.