பாப் டோலின் வலது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடாளுமன்றத்தில் பாதிப் பேராவது ராணுவத்தில் இருந்தவர்களாக இருந்தால் நாடு ஒழுங்குக்கு வந்துவிடும் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். கட்டுப்பாடு, துணிவு, நாட்டுக்காக எதையும் இழக்கும் மனம் இதெல்லாம் அவர்களுக்கு இயல்பாகவே இருக்கும் என்கிறார்கள். எனக்கு முழுதாக ஒப்பவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. அமெரிக்காவின் பாப் டோல் பற்றி ஓர் உரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டீர்கள். அவரைப் பற்றி விரிவாக எழுத முடியுமா? நம்மூர் ஜஸ்வந்த் சிங்கையும் இந்த வரிசையில் வைக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டோல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் உறுப்பினராக இருந்தவர். அவருக்கு ராணுவம் கொடுத்தது செயலிழந்த ஒரு வலது கையும் மூன்று வருடத்துக்கும் மேலான மருத்துவமனை வாசமும். அவரை அரசியல்வாதியாக்கியது போர்க்களமல்ல, அந்தப் படுக்கைதான் என்று நான் நினைக்கிறேன். உங்கள் நண்பர்கள் சொல்லும் கட்டுப்பாடும் துணிவும் அவரிடம் இருந்தன. ஆனால் நாடாளுமன்றத்தில் அவருக்கு உதவியது வேறொன்று.

கான்சாஸ் மாநிலத்தின் ரஸ்ஸல் என்ற சிற்றூரில் 1923இல் பிறந்தவர். முப்பதுகளின் பொருளாதாரப் பெருமந்தத்தில், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு குடும்பமே நிலவறைக்குக் குடிபோனது. டாக்டராகும் ஆசையோடு பல்கலைக்கழகம் போனார். நல்ல விளையாட்டு வீரர். பிறகு ராணுவம். 1945 ஏப்ரல் 14 அன்று வட இத்தாலியின் மலைப்பகுதியில், அடிபட்டுக் கிடந்த வயர்லெஸ்காரரை இழுத்துவர முயன்றபோது தோளும் முதுகெலும்பும் சிதைந்தன. ஐரோப்பாவில் போர் முடிய ஒரு மாதம்கூட இல்லை. வலி தெரியாமலிருக்க மார்ஃபின் போட்டாகிவிட்டது, இன்னொரு ஊசி போட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்று அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டுமே. அவருடைய ரத்தத்தைத் தொட்டே நெற்றியில் ‘எம்’ என்று எழுதிவைத்தார்கள்.

ஊர் திரும்பியவரால் தானாகச் சாப்பிட முடியவில்லை, நடக்க முடியவில்லை. ரஸ்ஸல்வாசிகள் ஒரு கடையில் சுருட்டுப் பெட்டியை வைத்து அவருடைய சிகிச்சைக்குக் காசு சேர்த்தார்கள். ஹாம்பர் கெலிக்கியான் என்ற ஆர்மீனிய வம்சாவளி சிகாகோ மருத்துவர் பணம் வாங்காமல் பலமுறை அறுவை செய்தார். கை முழுதாகத் திரும்பவில்லை. வாழ்நாள் முழுக்க வலது கையில் ஒரு பேனாவைப் பிடித்தபடியே பொதுவெளிக்கு வந்தார், யாரும் கைகுலுக்க அந்தக் கையைப் பற்றிவிடக் கூடாது என்று.

மிஷிகனில் பேட்டில் கிரீக் ராணுவ மருத்துவமனையில் அவரோடு இருந்த இருவர் பிலிப் ஹார்ட், டேனியல் இனோயி. இனோயி ஹவாய்க்காரர், ஜப்பானிய வம்சாவளி. டோல் விழுந்த ஒரே வாரத்தில் அதே இத்தாலியில் வலது கையை முழுதாக இழந்தவர். மூவரும் பின்னாளில் செனட்டர்கள். ஹார்ட்டும் இனோயியும் ஜனநாயகக் கட்சி, டோல் குடியரசுக் கட்சி. அடுத்தவர் கையை நம்பி உண்டு, உடுத்தி, எழுந்து பழகியவர்கள் பிறகு எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பழக்கம் எங்கும் போய்விடவில்லை.

1972இல் டோல் தன் கட்சியின் தேசியத் தலைவர். எதிர்க்கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மக்கவர்ன். அவரும் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். டோல் அவரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அதே இருவரும் ஐந்து ஆண்டுகள் கழித்து, ஏழைகள் உணவுக் கூப்பன் பெற முதலில் கைக்காசு கட்ட வேண்டும் என்ற விதியைச் சேர்ந்தே நீக்கினார்கள். கான்சாஸ் கோதுமை விளையும் மாநிலம், உணவுத் திட்டத்தால் டோலின் விவசாயிகளுக்கும் லாபம். அதனாலென்ன? கருணையும் ஓட்டுக் கணக்கும் ஒரே பக்கம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பவர்தான் நல்ல நாடாளுமன்றக்காரர். கட்டளையிட்டுப் பழகியவருக்கு இது எளிதில் வராது.

அவரைப் புனிதராக்க வேண்டாம். 1976 துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில், அந்த நூற்றாண்டின் போர்களை ‘ஜனநாயகக் கட்சிப் போர்கள்’ என்று சொல்லி, செத்தவர்கள், காயம்பட்டவர்கள் கணக்கையெல்லாம் எதிர்க்கட்சியின் தலையில் கட்டினார். அந்தக் கணக்கில் அவரும் ஒருவர். தன் காயத்தையே கட்சிச் சண்டைக்கு எடுத்துக்கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் கசப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் 1969இல் செனட்டில் தன் முதல் உரைக்கு அவர் தேர்ந்தது அதே ஏப்ரல் 14. பேசிய பொருள் உடற்குறையுள்ளவர்களின் நிலை. 1990இல் அவர்களுக்கான உரிமைச் சட்டம் வந்தபோது அதற்குத் துணைநின்றார். 1996இல் அதிபர் தேர்தலில் கிளின்டனிடம் தோற்றார். பிறகு 2012 டிசம்பர் 4. உடற்குறையுள்ளோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. 89 வயது டோல் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்தார். பழைய சகாக்கள் அருகில் வந்து நலம் விசாரித்தார்கள். பின் 61க்கு 38 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல், உடன்படிக்கை வீழ்ந்தது. எதிர்த்த 38 பேரும் அவர் கட்சியினர். கான்சாஸின் இரு செனட்டர்களும் அதில் உண்டு.

போர்வீரனை வணங்குவது ஒன்று, அவன் சொல்வதைக் கேட்பது வேறு என்று அந்த 38 பேருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் நண்பர்களிடம் இந்த வாக்கெடுப்பைச் சொல்லிப் பாருங்கள்.

ஜஸ்வந்த் சிங்கைத் தாராளமாக வரிசையில் வைக்கலாம். மேஜராக இருந்து விலகி வந்தவர், வெளியுறவு, பாதுகாப்பு, நிதி மூன்றையும் பார்த்தவர். 2014இல் சொந்தப் பகுதியான ராஜஸ்தானின் பார்மரில் அவருடைய கட்சியான பா.ஜ.க. அவருக்கு சீட் தரவில்லை. சுயேச்சையாக நின்றார், தோற்றார். அவரைத் தோற்கடித்த கட்சி வேட்பாளரும் ராணுவத்திலிருந்து வந்தவர்தான், கர்னல்.