மல்டிபிசிக்ஸ் சிமுலேஷனை மெனு வழியாகவே பழக எங்கே தொடங்குவது?

பினாங்கின் நிபோங் திபாலில் பொறியியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது: காம்சால் என்ற கட்டண சிமுலேஷன் மென்பொருள் வளாக ஆய்வகத்தில்தான் இருக்கிறது. வீட்டு மடிக்கணினியில் காசு செலவில்லாமல், கட்டளைக் கோப்பு எழுதாமல், வெப்பமும் தகைவும் (ஸ்ட்ரெஸ்) சேர்ந்த ஒரு கணக்கைப் போட்டுப் பழக வேண்டும். என்ன செய்யலாம்?

எல்மரில் தொடங்குங்கள். பின்லாந்தின் சிஎஸ்சி வெளியிடும் திறமூல மென்பொருள். அதன் மெனு முகப்புக்கு எல்மர்ஜியுஐ என்று பெயர். வடிவமும், அதைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ்ஷும் செய்ய ஜிமெஷ், முடிவைப் பார்க்க பாராவியூ. மூன்றும் விண்டோஸில் ஓடும். எல்மரை இறக்கும்போது எம்பிஐ இல்லாத பதிப்பே போதும். எம்பிஐ என்பது பல செயலிகளைச் சேர்த்து ஓட்டும் இணைக் கணிப்புக்கானது, இப்போதைக்குத் தேவையில்லாத தலைவலி.

முதல் கணக்கு, காகிதத்தில் விடை தெரிந்த கணக்காக இருக்கட்டும். எடுத்த எடுப்பில் எஞ்சின் பிளாக்கைப் போட்டால் வண்ணப்படம் அழகாக வரும். ஆனால் அது சரியா தப்பா என்று சொல்ல வழியிருக்காது.

60 × 40 × 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. அதற்குள் சீராக 2 வாட் வெப்பம். எல்லாப் பக்கமும் காற்று, வெப்பமாற்றக் குணகம் 10 (வாட், சதுர மீட்டர், கெல்வின் கணக்கில்). அறை வெப்பநிலை 303 கெல்வின். பாடநூல்கள் 293 என்று போடும், ஏர்கான் இல்லாத பினாங்கு அறைக்கு 30 டிகிரிதான் நியாயம். தகட்டின் மொத்தப் பரப்பு 0.0054 சதுர மீட்டர். அதைக் குணகம் 10-ஆல் பெருக்கினால் 0.054. 2-ஐ 0.054-ஆல் வகுத்தால் 37, இதுதான் வெப்பநிலை ஏற்றம். ஆக, தகடு ஏறக்குறைய 340 கெல்வினில் நிற்க வேண்டும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு கணினியைத் திறங்கள்.

ஜிமெஷ்ஷில் ஒரு பாக்ஸ் போட்டு, பிசிகல் குரூப் கொடுங்கள்: வால்யூம் ஒன்று; நீளத்தின் தொடக்க முகம், அகலத்தின் தொடக்க முகம், அடிமுகம் என்று தனித்தனியாக மூன்று சர்ஃபேஸ்; மீதி மூன்று முகங்களும் சேர்ந்து நான்காவது. வால்யூமுக்குக் கொடுக்க மறந்தால் மேல்தோல் மட்டுமே கோப்பில் சேமிக்கப்படும், உள்ளே ஒன்றும் இருக்காது. மெஷ் அளவு 1.5 மில்லிமீட்டர் வைத்தால் தடிமனில் இரண்டு அடுக்கு கிடைக்கும். இந்தக் கணக்குக்கு அது போதும். ஏற்றுமதி செய்யும்போது பதிப்பு 2 ஆஸ்கி.

எல்மர்ஜியுஐயில் மெஷ்ஷைத் திறந்ததும் மாடல் மெனுவில் மேலிருந்து கீழாகப் போக வேண்டியதுதான்: செட்டப், ஈக்வேஷன், மெட்டீரியல், பாடி ஃபோர்ஸ், பவுண்டரி கண்டிஷன். எல்மருக்கு அலகு தெரியாது. நீங்கள் கொடுக்கும் எண்தான் அதற்குத் தெரியும். மில்லிமீட்டரில் வரைந்துவிட்டு, செட்டப்பில் கோஆர்டினேட் ஸ்கேலிங் 0.001 போடாவிட்டால் அது 60 மீட்டர் நீளத் தகடு. கன அளவு நூறு கோடி மடங்கு, பரப்பு பத்து லட்சம் மடங்கு கூடும். வெப்பநிலை ஏற்றம் 37-க்குப் பதில் 37,000 என்று வரும். ஆயிரம் மடங்கு பிசகினால் முதலில் இதைப் பாருங்கள்.

ஈக்வேஷனில் ஹீட் ஈக்வேஷனையும் லீனியர் எலாஸ்டிசிட்டியையும் ஆக்டிவ் செய்து, எலாஸ்டிசிட்டியின் அமைப்பில் கால்குலேட் ஸ்ட்ரெஸ்ஸை இயக்குங்கள். 6061 அலுமினியத்துக்கு அடர்த்தி 2700, வெப்பக் கடத்துத்திறன் 167, யங் குணகம் 69e9, பாய்சன் விகிதம் 0.33, விரிவுக் குணகம் 23.6e-6. ரெஃபரன்ஸ் டெம்பரேச்சர் 303 என்பதை மறக்காதீர்கள். காலியாக விட்டால் பூஜ்யம் கெல்வினிலிருந்து விரிந்ததாகக் கணக்கிட்டு, விரிவை ஒன்பது மடங்குக்கு மேல் காட்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் பாடி ஃபோர்ஸில் உள்ள ஹீட் சோர்ஸ். எல்மர் அதை ஒரு கிலோவுக்கு இத்தனை வாட் என்று எடுத்துக்கொண்டு அடர்த்தியால் பெருக்கும். நம் தகட்டின் எடை 0.01944 கிலோ, 2 வாட்டுக்கு 102.9 போட வேண்டும். கன மீட்டர் கணக்கில் 2,77,778 என்று போட்டால் ஏற்றம் ஒரு லட்சம் டிகிரி. வெறும் 2 என்று போட்டால் ஒரு டிகிரிகூட ஏறாது.

பவுண்டரியில் ஒரு முகத்துக்கு ஒரு கண்டிஷன்தான் ஏறும். ஆகவே நான்கு கண்டிஷன் உருவாக்கி, நான்கிலும் குணகம் 10, வெளி வெப்பநிலை 303 கொடுங்கள். முதல் மூன்றில் மட்டும் முறையே டிஸ்பிளேஸ்மென்ட் 1, 2, 3 (நீள, அகல, தடிமன் திசை நகர்வு) ஆகியவற்றுக்குப் பூஜ்யம். பிடித்து நிறுத்தும் முகத்தில் காற்றை மறந்துவிடுவது சகஜம். எங்குமே பிடிக்காவிட்டால் தகடு அந்தரத்தில் மிதக்கும், சால்வர் (சமன்பாட்டைத் தீர்க்கும் பகுதி) விடைக்கு வந்து சேராது.

பிறகு சிஃப் (எல்மரின் கட்டளைக் கோப்பு) மெனுவில் ஜெனரேட், சேமிப்பு, சால்வர் ஸ்டார்ட். மதிப்பை மாற்றிவிட்டு மறுபடி ஜெனரேட் செய்யாமல் ஓட்டினால் பழைய விடையே வரும். கட்டளை எழுத வேண்டாம்தான், ஆனால் அந்த சிஃப் கோப்பை ஒருமுறை திறந்து பார்க்கலாம்: ஹீட் ஈக்வேஷன் சால்வர் 1, எலாஸ்டிசிட்டி 2 என்று இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் வெப்பநிலை தெரிவதற்கு முன்பே விரிவைக் கணக்கிடும், பிரியாரிட்டியை மாற்றுங்கள். ஐடரேட்டிவ் சால்வர் திணறினால், இவ்வளவு சிறிய கணக்குக்கு டைரக்ட் முறையில் அம்ஃப்பேக் எளிது.

பாராவியூவில் விடியு (முடிவு) கோப்பைத் திறந்து அப்ளை அழுத்தினால்தான் படம் வரும். 340 கெல்வின் வந்ததா? நீளவாக்கில் மறுமுனை 52 மைக்ரான் நகர்ந்ததா? தகைவு கிட்டத்தட்ட பூஜ்யமா? சீராகச் சூடாகி, தடையின்றி விரியும் பொருளில் தகைவு வராது. வந்தால் எங்கோ கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள். அடுத்து, நீளத்தின் மறுமுனையைத் தனிக் குரூப்பாகப் பிரித்து அதையும் டிஸ்பிளேஸ்மென்ட் 1 பூஜ்யமாகப் பிடியுங்கள். நீளத் திசையில் 60 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு வர வேண்டும்: யங் குணகம் × விரிவுக் குணகம் × 37.

இது தேறினால் காம்சாலிலும் கை ஓடும். அங்கும் ஜியோமெட்ரி, மெட்டீரியல்ஸ், பிசிக்ஸ், மெஷ், ஸ்டடி என்று இதே சங்கதிதான். ஆனால் வெப்பத்தையும் திட இயக்கவியலையும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டு, மல்டிபிசிக்ஸ் கிளையில் தெர்மல் எக்ஸ்பேன்ஷனைச் சேர்க்காவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

அடுத்த பயிற்சிக்கு, பாயான் லெப்பாஸ் சிப் ஆலைகளின் அன்றாடக் கவலையையே எடுக்கலாம்: செம்பின் மேல் சிலிக்கன். விரிவுக் குணகம் செம்புக்கு 17e-6, சிலிக்கனுக்கு 2.6e-6, தகைவு அந்த வித்தியாசத்தில்தான் பிறக்கிறது. ஜிமெஷ்ஷில் இரண்டு பாக்ஸையும் அடுக்கிய பின், மெஷ் போடுவதற்கு முன்பே பூலியன் ஃபிராக்மென்ட்ஸ் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பார்க்க ஒட்டியிருந்தாலும் இரண்டு மெஷ்ஷுக்கும் பொதுக் கணு (துண்டுகள் சேரும் புள்ளி) இருக்காது. வெப்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்காது.